நடுக்கடலில் நால்வர்: ஸ்டீபன் கிரேனின் ‘திறந்த படகு’ – ஒரு திறனாய்வு

தமிழ் இலக்கியம் கடலை மிகுதியும் பாடியுள்ளது. நெய்தல் நிலத்தின் இரக்கமும், பூம்புகாரின் வாணிகச் செழிப்பும், கலம் செலுத்திய மாந்தரின் துணிவும் சங்க காலந்தொட்டே பாடுபொருளாக விளங்கி வந்துள்ளன. ஆயினும் அக்கடல் பெரும்பாலும் கரையிலிருந்து காணப்படும் கடலே ஆகும். பிரிந்து சென்றவனின் வரவை எதிர்நோக்கி நிற்கும் தலைவியின் கண்வழியாகவோ, பொருள் ஈட்டி மீளும் வணிகனின் கண்வழியாகவோ அது நமக்குக் காட்டப்படுகின்றது. கலம் உடைந்து, உணவும் நீரும் அற்று, அலைகளுக்கிடையே கிடந்து தத்தளிக்கும் மனிதனின் கண்கொண்டு நோக்கப்பட்ட கடல் நம் இலக்கியத்தில் அருகியே காணப்படுகின்றது.

அத்தகைய கடலை உலக இலக்கியத்தில் மிகச் சிறப்பாகச் சித்திரித்த சிறுகதைகளுள் ஒன்று, ‘தி ஓப்பன் போட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற ‘திறந்த படகு’. இதனை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன். ஒரே படகில் உயிருக்குப் போராடும் நால்வரிடையே முகிழ்க்கும் உறவே இக்கதையின் உயிர்நாடி. ‘ஒற்றுமையே பலம்’ என்னும் நீதியை விளக்கும் கதையென இதனை எளிதாக வகைப்படுத்திவிடுவோர் உளர். அவ்வாறு வகைப்படுத்துவது இக்கதைக்குச் செய்யும் நீதியாகுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கதையின் பிறப்பு

ஸ்டீபன் கிரேன் 1871ஆம் ஆண்டில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயதிலேயே காசநோயால் மறைந்தவர். 1895இல் நூலாக வெளிவந்த ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ என்னும் போர் நாவல் அவருக்குப் பெரும் புகழை ஈட்டித் தந்தது. அந்நாவலை எழுதும்வரை அவர் போர்க்களம் எதனையும் நேரிற் கண்டவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் நூல் கற்பனையின் வலிமையால் பிறந்தது; ‘திறந்த படகு’ பட்டறிவின் வலிமையால் பிறந்தது.

ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துக் கியூபா மக்கள் கிளர்ந்தெழுந்திருந்த காலம் அது. அக்கிளர்ச்சியைப் பற்றிய செய்திகளை எழுதி அனுப்பும் பொறுப்பை ஏற்ற கிரேன், கிளர்ச்சிக்காரர்களுக்குப் படைக்கலங்களை ஏற்றிச் சென்ற ‘கொமடோர்’ என்னும் நீராவிக் கப்பலில் 1896 டிசம்பர் 31ஆம் நாள் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் துறையிலிருந்து புறப்பட்டார். கடலை அடையுமுன்னரே ஆற்றின் மணல்திட்டில் கப்பல் தட்டி நின்றது. மீண்டும் பயணத்தைத் தொடர்ந்து கடலுக்குள் சென்றபின், எந்திர அறையில் நீர் புகுந்தது. 1897 ஜனவரி 2ஆம் நாள் விடியற்காலையில் கப்பல் மூழ்கியது.

கிரேன், கப்பல் தலைவர், சமையற்காரர், எந்திர அறையில் எண்ணெயிடும் தொழிலாளியான பில்லி ஹிக்கின்ஸ் ஆகிய நால்வரும் பத்தடி நீளமே உள்ள ஒரு சிறு படகில் ஏறத்தாழ 30 மணி நேரம் கடலில் தத்தளித்தனர். இறுதியில் டேடோனா கடற்கரையை நெருங்கியபோது படகு அலையிற் சிக்கிக் கவிழ்ந்தது. மூவர் உயிர் தப்பினர், ஹிக்கின்ஸ் மாண்டார். இந்நிகழ்ச்சியைக் கிரேன் ஜனவரி 7ஆம் நாளிலேயே செய்திக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு ஜூன் திங்களில் ‘ஸ்கிரிப்னர்ஸ்’ இதழில் சிறுகதையாகவும் வெளியிட்டார்.

கதைப்போக்கு

கதை ஏழு பகுதிகளைக் கொண்டது. கப்பல் மூழ்கிய காட்சியிலிருந்து கதை தொடங்கவில்லை. நால்வரும் படகில் இருக்கும் நிலையிலேயே தொடங்குகின்றது. அவர்கள் வானத்தின் நிறத்தை அறியார். ஏனெனில் அவர்களின் கண்கள் அலைகளை விட்டு நீங்கவே இல்லை. படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே உள்ள உயரம் ஆறு அங்குலமே. ஓர் அலையைக் கடந்தால் அதன் பின்னே அடுத்த அலை காத்து நிற்கின்றது.

பகலில் கலங்கரை விளக்கம் ஊசிமுனை போலத் தெரிகின்றது. பின்னர்க் கரையும் தெரிகின்றது. உயிர்காப்பு நிலையத்தார் தங்களைக் கண்டு மீட்க வருவர் என அவர்கள் நம்புகின்றனர். ஆனால், அப்பகுதியில் அத்தகைய நிலையமே இல்லை என்பதை ஆசிரியர் வாசகருக்கு மட்டும் சொல்லிவிடுகின்றார். கரையில் ஒருவன் தன் மேற்சட்டையைக் கழற்றிச் சுழற்றுகின்றான். அதன் பொருள் என்ன? வடக்கே செல்லச் சொல்கின்றானா, காத்திருக்கச் சொல்கின்றானா? படகில் உள்ளோர் விவாதிக்கின்றனர். இவர்கள் பொழுதுபோக்காகக் கடலில் உலா வருகின்றனர் என்று அவன் கருதியிருக்கக்கூடும். கரை கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாத அந்நிலை கதையின் மிகக் கொடிய பகுதி.

இரவு வருகின்றது. இருவர் மாறி மாறித் துடுப்பு வலிக்கின்றனர். சுறா ஒன்று படகைச் சுற்றி வருகின்றது. பொழுது விடிந்ததும், இனிக் காத்திருந்தால் நீந்துவதற்கும் வலுவிருக்காது எனக் கண்ட தலைவன், அலைகளினூடே படகைக் கரை நோக்கிச் செலுத்த முடிவு செய்கின்றான். படகு கவிழ்கின்றது. கரையிலிருந்து ஒருவன் தன் ஆடைகளைக் களைந்தெறிந்து நீருள் பாய்ந்து வந்து கைகொடுக்கின்றான். மூவர் பிழைக்கின்றனர். நால்வருள் உடல் வலிமை மிக்க பில்லி, ஆழமற்ற நீரில் முகங்குப்புறக் கிடக்கின்றான்.

உறவு உருவாகும் முறை

இக்கதையின் மாந்தர் நால்வருள் மூவர்க்குப் பெயரில்லை. தலைவன், சமையற்காரன், செய்தியாளன் எனத் தொழிலால் மட்டுமே அவர்கள் சுட்டப்படுகின்றனர். எண்ணெயிடும் தொழிலாளி ஒருவனே ‘பில்லி’ எனப் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றான். தப்பிப் பிழைத்தவர்க்குப் பெயரில்லை. இறந்தவனுக்கே பெயர் உண்டு. கதையைப் படித்து முடித்தபின் இந்த அமைப்பின் பொருள் வாசகருக்குப் புலனாகும்.

நால்வரும் முன்னரே நண்பர்கள் அல்லர். கப்பலில் அவர்கள் வெவ்வேறு தட்டில் வாழ்ந்தவர்கள். தலைவன் ஆணையிடுபவன், எண்ணெயிடுபவன் எந்திர அறையின் வெப்பத்தில் உழல்பவன், செய்தியாளன் பயணியாக வந்தவன். படகில் ஏறியபின் அவ்வேற்றுமை மறைந்து வேலைப் பங்கீடு மட்டும் எஞ்சுகின்றது. சமையற்காரன் நீரை இறைக்கின்றான். பில்லியும் செய்தியாளனும் துடுப்பு வலிக்கின்றனர். காயமுற்ற தலைவன் படகின் முன்புறத்தில் கிடந்தவாறே தாழ்ந்த குரலில் வழிகாட்டுகின்றான். ஆற்று வெள்ளத்தின் வழியே செல்லும் புணையை வாழ்க்கைக்கு உவமையாக்கிய கணியன் பூங்குன்றனார், அதன் பயனாகப் பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். புறநானூற்றுப் புலவர் சிந்தனையால் எய்திய அந்நிலையை இந்நால்வரும் துன்பத்தால் எய்துகின்றனர்.

அவர்களிடையே உருவான தோழமையைப் பற்றி அவர்களுள் எவனும் வாய்திறந்து பேசவில்லை என்று கிரேன் குறிப்பிடுகின்றார். இது நோக்கத்தக்கது. சிறுகதை எழுதப் பயில்வோர் பலர், நட்பைக் காட்ட வேண்டுமாயின் மாந்தரை ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளச் செய்வர். நீண்ட உரையாடல்களை நிகழ்த்தச் செய்வர். கிரேனோ செயல்களை மட்டுமே காட்டுகின்றார். பத்தடிப் படகில் இருவர் இடம் மாறுவது எளிதன்று; சற்றுப் பிசகினாலும் படகு கவிழும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெல்ல ஊர்ந்து, ஒருவரை ஒருவர் கவனித்து, இடம் மாறுகின்றனர். களைத்தவன் சற்று நேரம் துடுப்பை வாங்கிக்கொள்ள இயலுமா என்று கேட்கின்றான். மற்றவன் மறுப்பின்றி எழுந்து வாங்கிக்கொள்கின்றான். செய்தியாளனின் சட்டைப் பையில் நனையாத சுருட்டுகள் நான்கு கிடைக்கின்றன. நால்வரும் ஆளுக்கொன்றாகப் புகைக்கின்றனர். அந்நான்கு சுருட்டுகளும் பெரிய விருந்தாகி விடுகின்றன.

இரவில் நிகழும் ஒரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. மற்றவர் அனைவரும் உறங்குகின்றனர் எனக் கருதிய செய்தியாளன், தனியே துடுப்பு வலித்தவாறு சுறாவின் நடமாட்டத்தைக் கண்டு அஞ்சுகின்றான். தனக்குத் துணையாக ஒருவரேனும் விழித்திருக்கலாகாதா என ஏங்குகின்றான். நெடுநேரம் கழித்துத் தலைவன் பேசும்போதுதான், அவனும் விழித்திருந்து அச்சுறாவைக் கண்டான் என்பது தெரியவருகின்றது. தனிமை என்று எண்ணிய நேரத்திலும் தனிமை இல்லை. ஆனால் அது தெரியாமற்போனதே அத்துன்பத்துக்குக் காரணம். தோழமை இருப்பது வேறு, இருக்கிறது என உணர்வது வேறு என்பதை ஆசிரியர் எவ்வித விளக்கமுமின்றி உணர்த்திவிடுகின்றார்.

மனிதரிடம் நம்பிக்கை கொள்ளாதிருக்கக் கற்றிருந்த செய்தியாளன், தன் வாழ்வின் மிகச் சிறந்த பட்டறிவு இதுவே என்று படகில் இருக்கும்போதே உணர்கின்றான். கேடு வருவதிலும் ஒரு நன்மை உண்டு, நட்பை அளக்கும் கோல் அது என்றார் வள்ளுவர். வள்ளுவர் கூறுவது, முன்னரே உள்ள நட்பைக் கேடு அளந்து காட்டுவதை. கிரேன் காட்டுவது, இல்லாத நட்பைக் கேடு படைத்து அளிப்பதை. இரண்டும் உண்மையே, இரண்டாவது உண்மை அரிதாகவே எழுதப்பட்டுள்ளது.

செய்தியில் இருப்பதும் கதையில் இல்லாததும்

கிரேன் எழுதிய செய்திக் கட்டுரையையும் சிறுகதையையும் ஒப்பிட்டு நோக்குதல் மாணவர்க்குப் பெரும் பயன் தரும். செய்திக் கட்டுரையின் பெரும்பகுதி கப்பலைப் பற்றியது. படகில் கழிந்த நேரம் அதில் மிகச் சுருக்கமாகவே இடம்பெறுகின்றது. சிறுகதையின் பெரும்பகுதி படகைப் பற்றியது. கப்பலைப் பற்றிய குறிப்பு சில வரிகளே. நிகழ்ச்சிகளுள் எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்னும் தெரிவே கலையின் முதற்படி என்பதற்கு இது தக்க சான்று.

ஆனால் விடுக்கப்பட்டவற்றுள் ஒன்று, வெறும் கலை நோக்கத்தால் மட்டும் விடுக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. கப்பல் மூழ்கும் தறுவாயில், எஞ்சியிருந்த சிலர் தெப்பங்களில் இறங்கினர். அத்தெப்பங்களைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்ல நால்வரும் முயன்றனர். தெப்பத்தில் இருந்த ஒருவன், கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பற்றி இழுத்துப் படகை நெருங்கி வந்தான். அவன் ஏறினால் படகு கவிழும் என்பது தெளிவு. சமையற்காரன் கயிற்றை விட்டுவிட்டான். தெப்பத்தினர் மடிந்தனர். செய்திக் கட்டுரையில் இதனைக் கிரேன் மறைக்காமல் எழுதியுள்ளார்.

சிறுகதையில் அக்கயிறு இல்லை. தலைவனின் நினைவில், விடியலின் மங்கிய ஒளியில் தங்களை நோக்கித் திரும்பிய ஏழு முகங்கள் என ஒரே ஒரு குறிப்பு மட்டும் வந்து மறைகின்றது. கதையை மட்டும் படிப்போர் அவ்வேழு முகங்களை எளிதாகக் கடந்துவிடுவர். செய்திக் கட்டுரையையும் படித்தவர்க்கு அக்குறிப்பு நெஞ்சில் தைக்கும். படகில் உள்ள நால்வரின் தோழமை உண்மையானது. அதே வேளையில் அது, படகுக்கு வெளியே இருந்தோரின் கையிலிருந்த கயிறு நழுவியபின் உருவான தோழமை. தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழி அவர்களுக்கு இருந்திருக்காது. குற்றம் சாட்டுவது எளிது, அப்படகில் இருப்பது எளிதன்று. எனினும் எல்லா உறவுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதையும், அக்கோட்டிற்கு அப்பால் நிற்பவர் எவர் என்பதையும் திறனாய்வாளர் கேட்காமல் விட இயலாது. கதை அக்கேள்வியைத் தவிர்த்துவிட்டது. இது கதையின் குறை எனலாம். அல்லது நால்வரின் மனம் நினைக்க அஞ்சியதைக் கதையும் நினைக்க அஞ்சியது எனலாம். எவ்வாறாயினும், அவ்வேழு முகங்கள் ஒரு வரியில் தலைகாட்டுவது தற்செயலன்று.

அறம் அறியாத கடல்

மூழ்கத்தான் வேண்டும் என்றால், மணலையும் மரங்களையும் காணும் அளவுக்குத் தங்களை ஏன் இவ்வளவு தொலைவு வரவிட வேண்டும் என்னும் கேள்வி கதையில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. இது விதியை நோக்கி மனிதன் எழுப்பும் முறையீடு. ஆயின் முறையீட்டைக் கேட்பார் எவருமில்லை. இயற்கை தன்னைப் பொருட்படுத்தவில்லை என்பதை உணரும் மனிதன், முதலில் கோயிலின் மீது கல்லெறிய விரும்புவான். பின்னர், எறியக் கல்லும் இல்லை, எறிவதற்குக் கோயிலும் இல்லை என்பதைக் கண்டு வெகுளுவான் என்று கிரேன் எழுதுகின்றார். கரையில் நிற்கும் உயர்ந்த காற்றாலை, எறும்புகளின் துயரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் அரக்கனைப் போலத் தோன்றுகின்றது. இயற்கை கொடியதும் அன்று, அருள் உடையதும் அன்று; அது ஒன்றையும் கருதுவதில்லை என்னும் முடிவுக்குச் செய்தியாளன் வருகின்றான்.

தமிழ்க் காப்பியங்களில் காணப்படும் கடல் இவ்வாறானதன்று. கோவலனின் முன்னோன் ஒருவன் கடலில் கலம் உடைந்து தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அந்நன்றியின் நினைவாகவே கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனப் பெயரிட்டான். அங்கே கடலுக்குக் காவல் தெய்வம் உண்டு; அறம் செய்தார்க்கு அது துணை நிற்கும். கிரேனின் கடலில் காவலும் இல்லை, கணக்கும் இல்லை. அதனாலேயே படகில் உள்ளோர் ஒருவர்க்கொருவர் காவலாக வேண்டியிருக்கின்றது. மேலிருந்து வரும் அருளின்மையே பக்கத்திலிருப்பவனின் தோளை இன்றியமையாததாக்குகின்றது. இக்கருத்தை இறைமறுப்பு எனக் கொண்டு ஒதுக்கிவிடத் தேவையில்லை. இறைநம்பிக்கை உடையோரும், துன்ப வேளையில் உதவி மனிதரின் கைவழியாகவே வருகின்றது என்பதை மறுக்கமாட்டார்.

ஆறாம் பகுதியில் இத்தத்துவச் சிந்தனை சற்று மிகுந்து, ஆசிரியரின் குரல் மாந்தரின் குரலை மீறி ஒலிக்கின்றது என்பதையும் சுட்டிக்காட்ட வேண்டும். பசித்தும் களைத்தும் துடுப்பு வலிப்பவன் இவ்வளவு ஒழுங்காகச் சிந்திப்பானா என்னும் ஐயம் எழுகின்றது. சுருட்டும் துடுப்பும் சொல்லிய அளவுக்கு இவ்விளக்கங்கள் சொல்லவில்லை.

பள்ளியில் படித்த பாட்டு

அதே ஆறாம் பகுதியில், ஆசிரியர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஓரிடம் உள்ளது. அல்ஜீரியப் பாலைநிலத்தில், தாய்நாட்டுக்கு வெகு தொலைவில், ஒரு போர்வீரன் சாகும் தறுவாயில் கிடப்பதைப் பற்றிய பாட்டொன்று செய்தியாளனின் நினைவுக்கு வருகின்றது. அது அவன் பள்ளியில் படித்த பாட்டு. உடன் பயின்ற மாணவர் பலரும் திரும்பத் திரும்ப ஒப்பித்ததால் அவன் காதுக்குப் பழகிப்போன பாட்டு. அந்நாளில் அவ்வீரனின் சாவு அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு பென்சிலின் முனை ஒடிவதைவிடச் சிறிய துன்பமாகவே அது தோன்றியது. இப்போது, நள்ளிரவில் குளிர்ந்த கடலில், அவ்வீரன் உயிருள்ள மனிதனாக அவன்முன் எழுகின்றான். முன்பின் அறியாத அவனுக்காகச் செய்தியாளன் உள்ளம் இரங்குகின்றது.

மனப்பாடம் பயனற்றது என்பது இதன் கருத்தாகாது. அப்பாட்டு அவன் நெஞ்சில் பதிந்திராவிட்டால், தேவைப்பட்ட இரவில் அது அவனுக்குக் கிட்டியிருக்காது. மனப்பாடம் மட்டும் போதும் என்பதும் கருத்தாகாது. பாட்டைக் கற்பித்த ஆசிரியர் எவரும் அவ்வீரனை அவனுக்கு மனிதனாகக் காட்டவில்லை. கடலே காட்ட வேண்டியதாயிற்று. தேர்வுக்காகச் செய்யுளைப் பதவுரை, பொழிப்புரை எனப் பிரித்துக் கற்பிக்கும் வகுப்பறைகளுக்கு இது பொருந்தும். மாணவன் நெஞ்சில் இன்று இடப்படும் வித்து எந்த மழையில் முளைக்கும் என்பதை ஆசிரியர் அறியார். எனினும் இடப்படுவது வித்தாக இருக்க வேண்டும். உமியாக இருத்தல் கூடாது.

பாட்டில் வரும் வீரனுக்காக அவன் இரங்குவது, தோழமை விரிவடைந்ததைக் காட்டுகின்றது. படகில் மூவரோடு தொடங்கிய உறவு, நூலில் படித்த ஒருவனையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அக்கயிற்றை நழுவவிட்ட படகில் இவ்விரக்கம் பிறப்பது குறிப்பிடத்தக்கது.

தனித்தவனின் துணை

தோழமையின் இன்றியமையாமையை அறிய, தனியே தத்தளித்த ஒருவனின் வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். 1955 பிப்ரவரியில் கொலம்பியக் கடற்படையின் ‘கால்டாஸ்’ என்னும் போர்க்கப்பலிலிருந்து எண்மர் கடலில் வீழ்ந்தனர். அவர்களுள் லூயிஸ் அலெஹாந்திரோ வெலாஸ்கோ ஒருவரே பிழைத்தார். உணவின்றிப் பத்து நாள் மிதவையில் அலைந்து கரை சேர்ந்த அவர் வரலாற்றைக் கேட்டு எழுதியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். அது செய்தித்தாளில் தொடராக வெளிவந்து, 1970இல் நூலாயிற்று.

தம் தோழர்கள் மிதவையை எட்ட இயலாமல் ஒருவர்பின் ஒருவராக மூழ்குவதை வெலாஸ்கோ காண்கின்றார். பின்னர் இரவுதோறும் தோழன் ஒருவன் மிதவையில் தம்முடன் அமர்ந்து பேசுவதாக அவருக்குத் தோன்றுகின்றது. துணை இல்லாத இடத்தில் மனம் துணையைப் படைத்துக்கொள்கின்றது. கிரேனின் கதையில் விழித்திருந்த தலைவன், வெலாஸ்கோவின் மிதவையில் உருவெளித் தோற்றமாகி விடுகின்றான். நீருக்கும் உணவுக்கும் ஈடாக மனிதனுக்கு மனிதன் தேவைப்படுகின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பில்லியின் சாவு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஒற்றுமையே பலம் என்னும் நீதி இக்கதைக்குப் பொருந்துமா? பொருந்துமாயின் நால்வரும் பிழைத்திருக்க வேண்டும். அல்லது வலிமை குன்றியவன் மாண்டிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. காயமுற்ற தலைவன் பிழைக்கின்றான். சமையற்காரனும் செய்தியாளனும் பிழைக்கின்றனர். நன்கு நீந்தத் தெரிந்த, யாவரினும் வலிமை மிக்க பில்லி மடிகின்றான்.

இதற்குக் காரணம் கதையிலேயே நுட்பமாக வைக்கப்பட்டுள்ளது. கப்பல் மூழ்குமுன் பில்லி எந்திர அறையில் இருமடங்கு நேரம் வேலை செய்திருந்தான். படகிலும் துடுப்பை ஏற்ற இருவருள் ஒருவன் அவன். அவன் வலிமை கரையை எட்டுமுன்னரே மற்றவர்க்காகச் செலவாகிவிட்டது. இறுதியில் படகு கவிழ்ந்தபோது மற்ற மூவரும் தக்கை மிதவையையோ, துடுப்பையோ, கவிழ்ந்த படகையோ பற்றிக்கொள்கின்றனர். பில்லி தன் கைகளை மட்டும் நம்பி முன்னே நீந்துகின்றான். அவ்வேளையில் நால்வரும் தனித்தனியர். நெடுநேரம் அவர்களைக் காத்த தோழமை, கடைசிச் சில நிமிடங்களில் அவனைக் காக்கவில்லை.

ஆகவே இக்கதை தரும் உண்மை கடுமையானது. தோழமை உயிருக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. அது நல்லவனுக்குப் பரிசு வழங்குவதில்லை. உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பதில்லை. அவ்வாறிருந்தும் மனிதன் அதனைத் தேடுகின்றான். அதனைத் தன் வாழ்வின் சிறந்த பேறாகக் கருதுகின்றான். பயன் கருதி விளைந்த உறவென்றால் பில்லியின் சாவோடு அது பொய்த்திருக்கும். அது பொய்க்கவில்லை. மீட்க வந்தவன் தன்னை அணுகியபோது, தலைவன் தன்னைவிடுத்துச் செய்தியாளனை முதலில் காக்குமாறு கைகாட்டுகின்றான். கரைக்கு வந்தோர் போர்வையும் சூடான பானமும் தந்து மூவரை வரவேற்கின்றனர். பில்லிக்கு நிலம் தரக்கூடிய விருந்தோம்பல் புதைகுழி ஒன்றே. அன்றிரவு அலையோசையைக் கேட்டவாறிருக்கும் மூவரும், அக்கடலின் குரலுக்கு இனித் தாங்கள் பொருள் கூறக்கூடும் எனக் கருதுவதோடு கதை முடிகின்றது. பொருள் கூறும் உரிமை அவர்களுக்குக் கிட்டியதற்குக் கொடுக்கப்பட்ட விலை பில்லி. அவன் ஒருவனுக்கே கதையில் பெயர் இருப்பதன் காரணமும் இதுவே.

சாதுவன் வேண்டியது

கிரேனின் கதை எங்கே நின்றுவிடுகின்றதோ, அங்கிருந்து மேலே செல்லும் ஒரு பகுதி நம் மணிமேகலையில் உள்ளது. ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’யில் வரும் சாதுவன் கணிகையிடம் பொருளை இழந்து, மனைவி ஆதிரையைப் பிரிந்து, வாணிகம் செய்யக் கடல்மேற் செல்கின்றான். கலம் உடைகின்றது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி மிதந்து, நாகர் வாழும் மலையை அடைகின்றான். உயிர் தப்பி ஊர் மீண்ட சிலர், அவன் மாண்டானெனக் கூறுகின்றனர். தீப்புகுந்த ஆதிரையைத் தீ சுடவில்லை. கணவன் உயிருடன் உள்ளான் என்னும் வானொலி கேட்கின்றது. அறம் ஆளும் உலகம் அது. பில்லி மடிந்த உலகத்துக்கு நேர் எதிரானது.

ஆயினும் சாதுவனைக் காத்தது அற்புதம் மட்டும் அன்று. தன்னைக் கொன்று தின்ன வந்த நாகரிடம் அவர்கள் மொழியிலேயே அவன் பேசுகின்றான். மொழி அறிந்திருந்தமையால் அவனை அவர்கள் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். இருவினையின் பயனை எடுத்துரைத்து அவர்களை நல்வழிப்படுத்திய அவன், உடைந்த கலத்திலிருந்து இனி வருவோரைக் கொல்லாது அவர் உயிரைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றான். தான் பிழைத்ததோடு அவன் அமையவில்லை. தனக்குப் பின் வரப்போகும், முகம் அறியாத மனிதர்க்காகவும் பேசுகின்றான். கிரேனின் படகில் தெப்பத்தினரின் கயிறு நழுவியது. சாதுவனோ, வருவோர்க்கெல்லாம் கரையில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்துவிட்டுத் திரும்புகின்றான்.

இது பழங்கதை அன்று. 1978 முதல் 1991 வரை, திரங்கானுக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பூலாவ் பீடோங் தீவு, வியட்நாமிலிருந்து படகுகளில் வந்த அகதிகளின் முகாமாக விளங்கியது. 2015இல் ரோஹிங்கியா மக்களின் படகுகள் அந்தமான் கடலில் அலைந்தன. வருவோரைக் கரை சேர்ப்பதா, கடலுக்கே திருப்புவதா என்னும் கேள்வி இவ்விரு காலத்திலும் இப்பகுதி நாடுகளின்முன் எழுந்தது. சாதுவன் நாகர் தலைவனிடம் வேண்டியது எதுவோ அதுவே அக்கேள்விக்குரிய விடையாகும்.

முடிவுரை

‘திறந்த படகு’ சிறிய கதை. அதில் காதல் இல்லை, வீரச்செயல் இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை. துடுப்பு வலித்தலும், நீர் இறைத்தலும், இடம் மாறுதலும் மட்டுமே உள்ளன. அவற்றைக் கொண்டே மனித உறவின் பெருமையையும் அதன் எல்லையையும் கிரேன் காட்டிவிட்டார். இக்கதையை வகுப்பறையில் எடுத்தாளும் ஆசிரியர், கதையின் இறுதியில் ஒரு நீதி வாக்கியத்தை எழுதச் சொல்லி நிறுத்திவிடலாகாது. பில்லி ஏன் இறந்தான், ஏழு முகங்கள் யாருடையவை, தலைவன் விழித்திருந்ததைச் செய்தியாளன் ஏன் அறியவில்லை என்னும் வினாக்களை மாணவர்முன் வைக்க வேண்டும். அதனோடு சாதுவன் கதையையும் சேர்த்துப் படிக்கச் செய்தால், படகுக்குள் இருப்போரிடம் காட்டும் அன்பு எங்கே தொடங்குகின்றது என்பதைக் கிரேனிடமும், அது எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதைச் சாத்தனாரிடமும் மாணவர் கற்றுக்கொள்வர்.